கச்சாச் சீட்டு

ராயக்கோட்டை மண்டியில்
பெட்டிக்கு இருபத்தைந்து கிலோ,
கழிவு இரண்டு.
நான் கணக்கெழுதுகிறவள்.
எனக்கு வயது இருபத்தொன்பது.
கழிவு போக நான் எவ்வளவு என்பது
அம்மாவுக்கும் தரகருக்கும்தான் தெரியும்.

திம்மராஜ் டெம்போ வைத்திருந்தான்.
டெம்போ அவனை வைத்திருந்தது என்பதே சரி:
மாதத் தவணை பதினேழாயிரத்துச் சொச்சம்.
தங்கைக்கு முடிந்துவிட்டது, அடுத்து நீதான் என்று
அவன் சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்து
அப்பா ஆரம்பிப்பாராம்.

எடை போட ஆளில்லாத ஒரு மத்தியானம்
அவன்தான் கேட்டான்:
"ரெண்டு வீட்டு வாயையும்
ஒரு வருசம் மூடி வைக்கலாமா?"

மஞ்சள் கச்சாச் சீட்டின் முதுகில்
நான் எழுதினேன், என் கையெழுத்து பரவாயில்லை என்பதால்.
வியாழன்தோறும் சாயங்காலம் வருவது.
காப்பி குடிப்பது. முறுக்கு வைத்தால் ஒன்று மட்டும்.
போன் பத்து நிமிடம், அம்மா காதில் விழும்படி.
பூ வாங்கி வரக் கூடாது.
எனக்குத் தேர்வும் அவனுக்குக் கடனும் முடிந்ததும்
ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிடுவது.
பழி சனி பகவானுக்கு.

வந்தான்.
தலைக்குக் குளித்து, டீசல் வாசனை போகாமல்.
இரண்டாவது வியாழன் எங்கள் மிக்சியைப் பிரித்தான்,
நான்காவது வியாழன் அது ஓடியது.
அம்மா அவனுக்கென்று ஒரு டம்ளரைத்
தனியாக எடுத்து வைத்தாள்.
அந்த டம்ளரைப் பற்றி நிபந்தனையில் ஒன்றும் இல்லை.

இரவில் வாணியம்பாடி தாண்டி வண்டியை ஓரங்கட்டி
என் புத்தகத்துக் கேள்விகளைக் கேட்பான்.
"எழுபத்து மூணாவது திருத்தம் எதைப் பத்தி?"
பஞ்சாயத்து ராஜ் என்பேன்.
"சரி, நாளைக்கு மழை வருமா?"
அது பாடத்திட்டத்தில் இல்லை.
பதினோராவது நிமிடமும் இல்லை,
பதினாறாவதும்.
அம்மா எழுந்துபோய்ப் படுத்து நேரமாகியிருக்கும்.

ஆனியில் விலை விழுந்தது.
கிலோ நாலு ரூபாய்.
பாலக்கோடு ரோட்டோரம் கொட்டிய பழத்தை
மாடு மோந்துவிட்டு நகர்ந்தது.
பறிகூலி கட்டாது என்று செடியிலேயே விட்டவர்கள்
மண்டிக்கு வரவேயில்லை.
அவனுக்கு மூன்று தவணை நின்றது.
கடன் தீர இன்னும் நாளாகும் என்று
சீட்டுப் பாக்கி சொல்பவனைப் போலத் தலைகுனிந்து சொன்னான்.
அன்று நான் சந்தோஷப்பட்டேன்.
எத்தனை பேர் வயிற்றெரிச்சலின் மேல் நின்றுகொண்டு!
அதை எந்தப் பேரேட்டிலும் ஏற்றவில்லை.

தையில் எல்லாம் முடிந்தது.
தேர்வு எழுதிவிட்டேன்.
வண்டியின் ஆர்.சி. புத்தகம் அவன் பேருக்கு வந்தது.
சொன்ன சொல் சொன்ன சொல்தான்.
ஐந்நூறு ரூபாயை நாலாக மடித்துக்கொண்டு
கெலமங்கலம் ரோட்டு ஜோசியர் வீட்டுக்குப் போனேன்.

"தம்பி நேத்தே வந்து குடுத்துட்டாரும்மா."
நெஞ்சில் ஏதோ நங்கென்று இறங்கியது.
அவ்வளவு அவசரமா அவனுக்கு?
"எவ்வளவு கொடுத்தார்?"
"ஆயிரம்."
"பொருந்தலைன்னு சொல்ல ஆயிரமா?"
கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.
"அதுக்கு ஐந்நூறு போதுமேம்மா."

மண்டிக்கு வந்தபோது கோட்டை மலையில்
வெயில் பாதி இறங்கியிருந்தது.
அவன் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தான்,
ஏற்கெனவே இறுக்கிய முடிச்சையே.
"ஆயிரம் ஜாஸ்தி" என்றேன்.
"பேரம் பேச வரலை" என்றான், திரும்பாமல்.
காது மட்டும் சிவந்திருந்தது.
"பாதியை என் பேரில் எழுதிக்கோ."

பின்னால் கோலார் லாரிக்காரன் ஹாரனை விடாமல் அழுத்தினான்.
நாற்பத்திரண்டு பெட்டி.
கழிவு கழிக்காமல் எழுதிவிட்டேன்.
மறுநாள் முதலாளி
கடைத்தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.